கேள்வி கோணினால் வியாபாரமும் கோணும்!

பகல் 11 மணி. சமையல் முடிந்து, இல்லத்தரசிகள் சற்று உட்காரும் நேரம். வாசலில் மணி அடிக்கிறது.

கதவைத் திறந்தால், கழுத்தில் அடையாள அட்டையுடன் ஓர் இளைஞர் நிற்கிறார்.

"அம்மா, ஒரு சர்வே. பத்தே நிமிடம்தான். உங்கள் வீட்டில் என்ன சோப்பு வாங்குகிறீர்கள்?" என்று கேட்கிறார்.

பெங்களூருவில் அல்சூர் முதல் ஸ்ரீராமபுரம் வரை, இந்தக் காட்சியைக் காணாத தெரு இருக்க முடியாது. சிலர் பொறுமையாகப் பதில் சொல்கிறார்கள். சிலர் "நேரம் இல்லை" என்று கதவைச் சாத்திவிடுகிறார்கள். இன்னும் சிலர், வெயிலில் வந்த பிள்ளையின் மனம் நோகக்கூடாதே என்று வாய்க்கு வந்ததைச் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள்.

அந்தப் பத்து நிமிடப் பேச்சுக்குப் பின்னால் பெரும் பணம் நிற்கிறது. ஒரு சோப்பின் மணம், ஒரு பிஸ்கட் பாக்கெட்டின் எடை, ஒரு டி.வி. தொடர் நீடிப்பதா நிற்பதா என்பவை எல்லாம் இப்படித் திரட்டப்படும் பதில்களைப் பார்த்தே முடிவாகின்றன.

இதற்குத்தான் வியாபார ஆய்வு என்று பெயர். நிர்வாக இயல் படிக்கும் மாணவர்களுக்கு இது ஒரு தனிப் பாடம்.

அந்தப் பாடத்தில் மூன்று பெரிய அத்தியாயங்கள் உண்டு. பிரச்சினை எது என்று வரையறுப்பது முதலாவது. தகவல் திரட்டுவது இரண்டாவது. ஆய்வில் நேர்மை மூன்றாவது.

முதல் இரண்டையும் மாணவர்கள் விழுந்து விழுந்து படிப்பார்கள். மூன்றாவதைப் பரீட்சைக்கு முதல் நாள் புரட்டிப் பார்ப்பார்கள். "அது வெறும் உபதேசம்தானே!" என்று நினைப்பு.

உண்மையில் இந்த மூன்றும் ஒரே கயிற்றின் மூன்று புரிகள். ஆய்வு செய்து கெட்டுப்போனவர்களின் கதைகளைப் பார்த்தால், பெரும்பாலானவற்றில் ஒரே கோளாறுதான் தெரிகிறது. பதிலை முன்பே முடிவு செய்துகொண்டு, பிறகு கேள்வி கேட்டிருக்கிறார்கள்!

2 லட்சம் பேர் குடித்துப் பார்த்தார்கள்

இதற்கு உலகப் புகழ் பெற்ற உதாரணம் ஒன்று உண்டு. அது கோகோ கோலாவின் கதை.

1886-ம் ஆண்டு அமெரிக்காவில் பிறந்த பானம் அது. அதற்குப் பெரிய போட்டியாக வளர்ந்தது பெப்சி. 1975-ம் ஆண்டு பெப்சி ஒரு தந்திரம் செய்தது. பெயர் தெரியாதபடி இரண்டு பானங்களையும் சிறு கோப்பைகளில் ஊற்றி, பொதுமக்களைக் குடித்துப் பார்க்கச் சொன்னது. பலர் பெப்சிதான் பிடித்திருக்கிறது என்றார்கள். அதையே விளம்பரமாகப் போட்டது.

கோகோ கோலாவுக்குக் கலக்கம் ஏற்பட்டது. கடைகளில் அதன் பங்கு ஆண்டுக்கு ஆண்டு இறங்கிக்கொண்டிருந்தது.

"ஏன் இறங்குகிறது?" என்று கேட்டார்கள். "சுவைதான் காரணம்" என்று தாங்களே முடிவு செய்தார்கள்.

அதற்குப் பிறகு நடந்த ஆய்வு சாமானியமானது அல்ல. சற்று இனிப்புக் கூடிய புதிய கலவையைத் தயாரித்தார்கள். ஏறக்குறைய 2 லட்சம் பேரைக் குடித்துப் பார்க்கச் செய்தார்கள். 40 லட்சம் டாலர் செலவழித்தார்கள். பழைய கோகோ கோலாவைவிடவும், பெப்சியைவிடவும் புதியதே நன்றாக இருக்கிறது என்று பாதிக்கும் மேற்பட்டோர் சொன்னார்கள்.

1985-ம் ஆண்டு ஏப்ரல் 23-ந் தேதி, பழைய கோகோ கோலாவை நிறுத்திவிட்டுப் புதியதை அறிவித்தார்கள். 99 ஆண்டுகள் பழகிய பானம் கடையிலிருந்து மறைந்தது.

அமெரிக்கா கொந்தளித்தது!

கம்பெனிக்கு நாள் ஒன்றுக்கு 400 டெலிபோன் அழைப்புகள் வருவது வழக்கம். அது 1,500 ஆகியது. 40 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடிதங்களும் அழைப்புகளும் குவிந்தன. பழைய சரக்கை மக்கள் தேடித் தேடி வாங்கி வீட்டில் பதுக்கினார்கள். டெக்சாஸ் மாநிலத்தில் ஒரு மனிதர் ஆயிரம் டாலருக்கு வாங்கிக் குவித்தார்.

79 நாட்கள்தான் தாக்குப்பிடிக்க முடிந்தது. ஜூலை 11-ந் தேதி, பழைய பானம் திரும்பி வருகிறது என்று கம்பெனி அறிவித்தது. அந்தச் செய்தியைச் சொல்வதற்காக ஒரு டி.வி. நிலையம், ஓடிக்கொண்டிருந்த தொடரையே இடையில் நிறுத்தியது. ஒரு செனட்டர் செனட் சபையிலேயே எழுந்து அதைப் பற்றிப் பேசினார்.

கேட்காமல் விட்ட கேள்வி

எங்கே தவறு நடந்தது? 2 லட்சம் பேரும் பொய் சொன்னார்களா?

இல்லை. அவர்கள் உண்மையைத்தான் சொன்னார்கள். "இந்த இரண்டு கோப்பைகளில் எது நன்றாக இருக்கிறது?" என்று கேட்டார்கள். அதற்குப் பதில் கிடைத்தது. கம்பெனி செய்யப்போன காரியமோ வேறு. பழையதை அடியோடு நிறுத்தப்போகிறது. "இனி உங்களுக்குப் பழையது கிடைக்காது. சம்மதமா?" என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. அதை நேருக்கு நேர் கேட்டு, பதிலுக்கு மதிப்புக் கொடுக்கவில்லை.

கோபப்படுவோம் என்று சொன்னவர்களும் ஆய்வில் இருந்தார்கள். சிறுபான்மைதானே என்று அவர்களை ஒதுக்கினார்கள்.

இன்னொரு சூட்சுமமும் இருக்கிறது. ஒரு மடக்குக் குடிக்கும்போது இனிப்பானது பிடிக்கும். ஒரு முழுப் பாட்டிலைக் குடிக்கும்போது அதே இனிப்பு திகட்டும். கல்யாண வீட்டில் ஜாங்கிரியைக் கிள்ளி வாயில் போடுவது வேறு. ஒரு தட்டு ஜாங்கிரியைச் சாப்பிடுவது வேறு அல்லவா?

இதே கம்பெனி இந்தியாவிலும் ஒரு பாடம் படித்தது. 1977-ம் ஆண்டு கோகோ கோலா இந்தியாவை விட்டு வெளியேறியது. அந்த ஆண்டே பார்லே நிறுவனம் தம்ஸ் அப் பானத்தைக் கொண்டுவந்தது. 1993-ல் கோகோ கோலா திரும்பி வந்தபோது, தம்ஸ் அப்பையே விலைக்கு வாங்கிவிட்டது. தன் சொந்தப் பானத்தை முன்னே தள்ளியது. தம்ஸ் அப்பைப் பின்னே வைத்தது.

ஆனால் தம்ஸ் அப் குடிப்பவர்கள் அசையவில்லை. அந்தக் காரம் அவர்களுக்கு வேண்டியிருந்தது. கடைசியில் கம்பெனியே தம்ஸ் அப்பை மீண்டும் தூக்கி நிறுத்தியது. 2021-ம் ஆண்டு அதன் விற்பனை 100 கோடி டாலரை எட்டியது.

மெஸ் வைத்திருப்பவருக்கும் இதே பாடம்

"இதெல்லாம் பெரிய கம்பெனிகளின் கதை. நமக்கு என்ன?" என்று நினைக்க வேண்டாம்.

பெங்களூருவில் ஒருவர் மெஸ் நடத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். மதியச் சாப்பாட்டு வியாபாரம் ஆறு மாதமாகக் குறைகிறது. "சமையல் சரியில்லை" என்று முடிவுகட்டி, மாஸ்டரை மாற்றுகிறார். எண்ணெயை மாற்றுகிறார். பொரியலில் ஒன்று கூட்டுகிறார். வியாபாரம் ஏறவில்லை.

அவர் முதலில் கேட்டிருக்க வேண்டியது வேறு. குறைந்தது எந்த நேரத்து வியாபாரம்? எந்தக் கிழமைகளில்? வராமல் போனவர்கள் யார்? பார்சல் வாங்குபவர்களா, உட்கார்ந்து சாப்பிடுபவர்களா?

கணக்குப் புத்தகத்தைப் புரட்டினால், திங்கள் முதல் வெள்ளி வரை மட்டும் குறைந்திருப்பது தெரியலாம். பக்கத்துக் கட்டிடத்து ஆபீஸ் காலி செய்துகொண்டு போயிருக்கலாம். அல்லது ஆபீஸ் ஊழியர்கள் வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம். அப்படியானால் மாஸ்டர் மேல் என்ன தவறு? வேலை இழந்து அவர் ஊருக்குப் போனதுதான் மிச்சம்!

வியாபாரம் குறைவது அறிகுறி. காய்ச்சல் மாதிரி. காய்ச்சல் எதனால் வந்தது என்று பார்க்காமல் மருந்து கொடுக்கும் டாக்டரை நாம் நம்புவோமா?

பிரச்சினையை வரையறுப்பது என்று பாடப் புத்தகம் சொல்வது இதைத்தான். "என்ன முடிவு எடுக்கப்போகிறேன்? அந்த முடிவு எடுக்க எனக்கு எது தெரிய வேண்டும்?" என்ற இரண்டையும் ஒரு தாளில் எழுதிப் பார்க்க வேண்டும். என்ன பதில் வந்தாலும் செய்யப்போவது ஒன்றுதான் என்றால், அந்த ஆய்வுக்குச் செலவழிக்கும் பணம் வீண்.

ஒரு சோறு பதம்! எந்தச் சோறு?

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். மாதிரி ஆய்வின் தத்துவம் முழுவதும் இந்தப் பழமொழியில் அடங்கியிருக்கிறது.

ஆனால் நம் வீட்டுப் பெண்களைக் கேளுங்கள். கரண்டியை விட்டுக் கிளறிவிட்டுத்தான் பதம் பார்ப்பார்கள். மேலாக இருக்கும் சோற்றை எடுத்தால் விதை விதையாக இருக்கும், அடியில் குழைந்திருக்கும். பானையைக் கிளறாமல் பதம் பார்ப்பவர்கள் ஏமாந்து போவார்கள்.

அப்படி ஏமாந்தது ஓர் அமெரிக்கப் பத்திரிகை. அதன் பெயர் லிட்டரரி டைஜஸ்ட். 1936-ம் ஆண்டு ஜனாதிபதி தேர்தலில் யார் ஜெயிப்பார் என்று கண்டுபிடிக்க, 1 கோடி பேருக்குத் தபாலில் வாக்குச்சீட்டு அனுப்பியது. 20 லட்சத்துக்கும் அதிகமானவை திரும்பி வந்தன. அவற்றை எண்ணி, லாண்டன் என்பவர் ஜெயிப்பார் என்று அடித்துச் சொன்னது.

ஜெயித்தவர் ரூஸ்வெல்ட்! அன்றைக்கு இருந்த 48 மாநிலங்களில் 46 அவர் பக்கம்.

காரணம் என்ன? டெலிபோன் டைரக்டரியிலும், கார் வைத்திருப்போர் பட்டியலிலும் பெயர்களை எடுத்திருந்தார்கள். அது பஞ்சகாலம் போன்ற ஒரு நேரம். காரும் டெலிபோனும் இல்லாத ஏழைகள் பெரும்பாலும் ரூஸ்வெல்ட் பக்கம் இருந்தார்கள். அது மட்டுமல்ல, சீட்டு கிடைத்தும் பதில் போடாதவர்கள் 70 லட்சத்துக்கும் மேல். அவர்கள் என்ன நினைத்தார்கள் என்று யாரும் கவலைப்படவில்லை.

அதே தேர்தலில் ஜார்ஜ் காலப் என்பவர் மிகக் குறைந்த பேரைக் கேட்டு, சரியான முடிவைச் சொன்னார். லிட்டரரி டைஜஸ்ட் 1938-ல் மூடப்பட்டது.

எத்தனை பேரைக் கேட்டோம் என்பதைவிட, யாரைக் கேட்கவில்லை என்பது முக்கியம்.

பெங்களூருவில் இதற்குத் தனி அர்த்தம் உண்டு. தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது, இந்தி எல்லாம் ஒரே தெருவில் கேட்கும் ஊர் இது. ஆங்கிலத்தில் மட்டும் கேள்வித்தாள் அடித்துக்கொண்டு போனால், ஆங்கிலம் தெரிந்தவர்களின் பதில்தான் கிடைக்கும். பகலில் மட்டும் போனால், வேலைக்குப் போகிறவர்களின் குரல் பதிவாகாது. கடைக்கு வந்த வாடிக்கையாளரை மட்டும் கேட்டால், கடையை விட்டுப் போனவர் ஏன் போனார் என்று தெரியாமலே போகும்.

மகலனோபிஸ் செய்த ஏற்பாடு

நம் நாட்டில் இந்த வித்தையை வளர்த்தவர் பி.சி.மகலனோபிஸ். கல்கத்தாவில் 1931-ம் ஆண்டு இந்தியப் புள்ளியியல் நிலையத்தை நிறுவியவர். 1950-ம் ஆண்டு தொடங்கிய தேசிய மாதிரி ஆய்வுக்கு வழிகாட்டியவரும் அவரே. அவர் பிறந்த ஜூன் 29-ந் தேதியை 2007-ம் ஆண்டு முதல் புள்ளியியல் தினமாக நாடு கொண்டாடுகிறது.

1930-களின் பிற்பகுதியில், வங்காளத்தில் எத்தனை ஏக்கரில் சணல் பயிரிடப்பட்டிருக்கிறது என்று கணக்கெடுக்கும் வேலை அவரிடம் வந்தது. சணல் அன்றைக்குப் பெரிய ஏற்றுமதிச் சரக்கு. கணக்கு தவறினால் விலை தவறும். விவசாயி முதல் ஆலை முதலாளி வரை அத்தனை பேரும் பாதிக்கப்படுவார்கள்.

மகலனோபிஸ் எல்லா வயலையும் அளக்கவில்லை. மாதிரிக்குச் சில நிலங்களை எடுத்து அளந்தார். அத்துடன் ஒரு புத்திசாலித்தனமான ஏற்பாடும் செய்தார். ஒரே வட்டாரத்துக்கு, ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு குழுக்களை அனுப்பினார். இரண்டும் தனித்தனியே கணக்கெடுக்கும். இரண்டு கணக்கும் ஏறக்குறைய ஒத்துப்போனால் நம்பலாம். வெகுதூரம் விலகினால், எங்கோ கோளாறு!

கணக்கெடுப்பவரும் மனிதர்தான், அசதி வரும், அலட்சியம் வரும், என்று அவர் ஒப்புக்கொண்டார். அதைத் திட்டமிட்டே கண்டுபிடிக்க வழி செய்தார். தகவல் திரட்டுவதில் நேர்மை என்றால் இதுதான். "எங்கள் ஆட்கள் தவறே செய்யமாட்டார்கள்" என்று மார்தட்டுவது நேர்மை ஆகாது.

மரத்தடியில் நிரம்பும் படிவங்கள்

இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த, யாரும் உரக்கப் பேசாத ஒரு விஷயம் உண்டு. வீடு வீடாகப் போகாமல், டீக்கடையிலோ மரத்தடியிலோ உட்கார்ந்து படிவங்களை நிரப்பிவிடுவது!

இதைக் கண்டுபிடிக்க வழிகள் இருக்கின்றன. நிரப்பிய படிவங்களில் சிலவற்றை எடுத்து, மேற்பார்வையாளர் அதே வீட்டுக்குப் போய் "எங்கள் ஆள் வந்தாரா? என்ன கேட்டார்?" என்று விசாரிப்பார். இப்போது செல்போனில் கேள்வி கேட்பதால், எந்த இடத்தில், எத்தனை நிமிடத்தில் பதில் பதிவானது என்றும் தெரிந்துவிடுகிறது. 40 கேள்விகளுக்கு 3 நிமிடத்தில் பதில் வந்திருந்தால் சந்தேகப்பட வேண்டியதுதான்.

பிடிபட்ட இளைஞரை வேலையை விட்டு நீக்கிவிடுகிறார்கள். அது சரிதான். அத்துடன் விஷயம் முடிந்துவிடுமா?

படிவத்துக்கு இத்தனை ரூபாய் என்று கூலி. ஒரு நாளைக்கு இத்தனை படிவம் வேண்டும் என்று கட்டாயம். பஸ் கட்டணம் சொந்தக் கையிலிருந்து. ஒரு மணி நேரம் பிடிக்கும் கேள்வித்தாளைக் கொடுத்து, "15 நிமிடத்தில் முடித்துவிடலாம்" என்று வீட்டுக்காரரிடம் சொல்லச் சொல்கிறார்கள். நடக்காத காரியத்தைச் செய்யச் சொன்னால், நடந்தது போலக் காட்டத்தான் செய்வார்கள். இதில் கூலி நிர்ணயித்தவருக்குப் பங்கு இல்லையா?

வேலை தேடி வெளிமாநிலங்களுக்கு வரும் நம் பிள்ளைகளுக்கு இது எளிதாகக் கிடைக்கும் முதல் வேலைகளில் ஒன்று. அவர்களுக்குச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. கதவு திறக்கவில்லை என்றால் "கதவு திறக்கவில்லை" என்றே எழுதுங்கள். அதுவும் ஒரு தகவல்தான். பொய்யாக ஒரு பதிலை எழுதினால், அது யாரோ ஒருவருடைய முதலீட்டைக் கிணற்றில் தள்ளும்.

கேள்வியிலேயே பொய் புகுந்துவிடும்

படிவத்தை ஒழுங்காக நிரப்பினாலும், கேள்வியே கோணலாக இருந்தால் என்ன செய்வது?

"மணமும் சுவையும் நிறைந்த எங்கள் காபித்தூள் உங்களுக்குப் பிடித்திருக்கிறதா?" என்று கேட்டால், நம் ஊர் மரியாதைக்கு யாரும் இல்லை என்று சொல்லமாட்டார்கள்.

"எங்கள் கடையின் விலையும் தரமும் திருப்தியா?" என்பது ஒரு கேள்வி அல்ல, இரண்டு கேள்வி. தரம் பிடித்து, விலை பிடிக்காதவர் என்ன சொல்வார்?

"தினமும் பத்திரிகை படிப்பீர்களா?" என்றால், படிக்காதவரும் கௌரவத்துக்காக "ஆமாம்" என்பார். "நேற்று பத்திரிகை படித்தீர்களா?" என்று கேட்டால் உண்மைக்குப் பக்கத்தில் வரலாம். அனுபவசாலிகள் இப்படித்தான் கேட்கிறார்கள்.

நல்ல கேள்வி, பதில் சொல்பவர் "இல்லை" என்று சொல்வதற்கும் தாராளமாக இடம் விட்டிருக்கும்.

4,700 வீடுகளுக்கு ஒரு வீடு

கேள்வியே கேட்காமல், கருவி வைத்துத் தகவல் திரட்டுவதும் உண்டு. டி.வி. பார்ப்போரை அளக்கும் மீட்டர் அப்படிப்பட்டது. அதிலும் வம்பு வந்தது.

2020-ம் ஆண்டில் இந்தியாவில் டி.வி. உள்ள வீடுகள் சுமார் 21 கோடி. அவற்றில் மீட்டர் பொருத்தப்பட்டவை சுமார் 44 ஆயிரம். அதாவது மீட்டர் உள்ள ஒரு வீடு, 4,700-க்கும் மேற்பட்ட வீடுகளுக்காகப் பேசுகிறது! இந்தக் கணக்கை வைத்தே விளம்பரப் பணம் எந்தச் சேனலுக்குப் போகும் என்பது முடிவாகிறது.

அந்த ஆண்டு அக்டோபர் 8-ந் தேதி மும்பை போலீசார் ஒரு புகாரை வெளியிட்டார்கள். மீட்டர் உள்ள சில வீடுகளுக்கு மாதம் சில நூறு ரூபாய் கொடுத்து, குறிப்பிட்ட சேனல்களை ஓடவிடச் சொன்னார்கள் என்பது புகார். ஆங்கிலம் தெரியாத வீடுகளில்கூட ஆங்கிலச் சேனல் ஓடிக்கொண்டிருந்தது என்று போலீசார் சொன்னார்கள்.

சேனல் தரப்பில் மறுத்தார்கள். 2024 மார்ச்சில், வழக்கை அரசு திரும்பப் பெற கோர்ட்டு அனுமதித்தது. ஆகவே யார் மீதும் குற்றம் நிரூபணம் ஆகவில்லை.

ஆனால் அந்தப் புகாரே போதுமானதாக இருந்தது. செய்திச் சேனல்களின் தர வரிசையை வெளியிடுவதையே 2020 அக்டோபரில் நிறுத்தினார்கள். 2022 மார்ச்சில்தான் மீண்டும் தொடங்கினார்கள். அளவுகோல் மேல் சந்தேகம் விழுந்தால், நேர்மையாக நடப்பவரையும் அது பாதிக்கும்.

பதில் சொன்னவருக்குச் செய்த துரோகம்

விலை கொடுத்துப் பதில் வாங்குவது ஒரு வகை. பதில் சொன்னவருக்கே தெரியாமல் அதை விற்பது இன்னொரு வகை. இது முன்னதைவிட மோசம்.

2018-ம் ஆண்டு கேம்பிரிட்ஜ் அனலிடிகா என்ற நிறுவனத்தின் விவகாரம் வெடித்தது. பேஸ்புக்கில் "உங்கள் குணம் எப்படி?" என்று அறிய ஒரு கேள்வித்தாள். பதில் சொன்னவர்கள் உலகம் முழுவதும் சுமார் 2 லட்சத்து 70 ஆயிரம் பேர். அந்த வழியாக அவர்களுடைய நண்பர்களின் தகவல்களும் எடுக்கப்பட்டன. பாதிக்கப்பட்டிருக்கக்கூடியவர்கள் 8 கோடியே 70 லட்சம் பேர் வரை என்று பேஸ்புக் ஒப்புக்கொண்டது.

இந்தியக் கணக்கைப் பாருங்கள். அந்தக் கேள்வித்தாளைத் திறந்தவர்கள் இங்கே வெறும் 335 பேர். பாதிக்கப்பட்டிருக்கக்கூடியவர்கள் 5 லட்சத்து 62 ஆயிரம் பேர்! ஒருவர் கதவைத் திறந்ததால் தெரு முழுவதும் களவு போன மாதிரி.

கேம்பிரிட்ஜ் அனலிடிகா அந்த ஆண்டு மே மாதமே மூடப்பட்டது. பேஸ்புக்குக்கு 2019-ல் அமெரிக்காவில் 500 கோடி டாலர் அபராதம் விதிக்கப்பட்டது.

இதைவிடப் பழைய கதை சிகரெட் கம்பெனிகளுடையது. புகைத்தால் புற்றுநோய் வரும் என்று விஞ்ஞானிகள் சொல்லத் தொடங்கிய நேரம். 1954-ம் ஆண்டு ஜனவரியில், அமெரிக்க சிகரெட் கம்பெனிகள் 400-க்கும் மேற்பட்ட பத்திரிகைகளில் ஒரு விளம்பரம் கொடுத்தன. "நாங்களே ஆராய்ச்சிக் கமிட்டி அமைக்கிறோம்" என்று அறிவித்தன. உண்மையைக் கண்டுபிடிப்பதாகச் சொல்லி, சந்தேகத்தை வளர்த்துக்கொண்டே போனார்கள். பொதுமக்களைக் கம்பெனிகள் ஏமாற்றின என்று அமெரிக்க கோர்ட்டு தீர்ப்பளித்தது 2006-ம் ஆண்டில்தான். இடையில் அரை நூற்றாண்டு ஓடிவிட்டது. அதற்குள் எத்தனை உயிர்கள்!

கோகோ கோலா செய்தது தவறு. சிகரெட் கம்பெனிகள் செய்தது பாவம். ஆனால் இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்: பதிலை முன்பே முடிவு செய்துவிட்டது.

கதவைத் திறப்பவருக்கு உள்ள உரிமை

நம் நாட்டில் அந்தரங்கம் என்பது அடிப்படை உரிமை. சுப்ரீம் கோர்ட்டின் 9 நீதிபதிகள் 2017-ம் ஆண்டு ஆகஸ்ட் 24-ந் தேதி இதை ஒருமனதாக அறிவித்தார்கள். அந்த வழக்கைப் போட்டவர் கே.எஸ்.புட்டசாமி, கர்நாடக ஐகோர்ட்டில் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்றவர்! 2023-ல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமும் நிறைவேறியது. தகவலைப் பாதுகாக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க அதில் இடம் உண்டு.

ஆகவே, சர்வே என்று யாராவது வந்தால் தயங்காமல் கேளுங்கள்.

எந்த நிறுவனத்திலிருந்து வருகிறீர்கள்? எதற்காக இந்த ஆய்வு? எவ்வளவு நேரம் ஆகும்? என் பெயரும் போன் நம்பரும் யாரிடம் போகும்?

பிடிக்காத கேள்விக்குப் பதில் சொல்ல மறுக்கலாம். பாதியில் நிறுத்தச் சொல்லலாம். பெரியவர்கள் சம்மதம் இல்லாமல் பிள்ளைகளிடம் கேட்கக்கூடாது என்று சொல்லலாம்.

ஆதார் நம்பர், வங்கிக் கணக்கு நம்பர், செல்போனுக்கு வரும் ரகசிய எண் இவை எந்த உண்மையான சர்வேக்கும் தேவை இல்லை. அவற்றைக் கேட்டால், வந்தவர் ஆய்வாளர் அல்ல என்று தெரிந்துகொள்ளுங்கள். பத்துக் கேள்வி கேட்டுவிட்டு, பதினோராவதாகக் குக்கரை விற்க வந்தாலும் அப்படியே. ஆய்வு என்று சொல்லிக்கொண்டு விற்பனை செய்வது, இந்தத் தொழிலின் ஒழுக்கத்துக்கே விரோதம்.

அதே நேரத்தில், வந்தவர் நேர்மையானவர் என்று தெரிந்தால், உண்மையைச் சொல்லுங்கள். ஒப்புக்குச் சொல்லும் பதிலும் பொய்தான். நாளைக்கு நமக்கு வேண்டாத சரக்கு கடையில் நிரம்பினால், நாமும் அதற்கு ஒரு காரணம்.

கடை திறக்கும் முன்

வெளிமாநிலத்தில் தொழில் தொடங்கும் தமிழர்கள் பெரும்பாலும் சொந்தச் சேமிப்பைப் போட்டுத்தான் தொடங்குகிறார்கள். ஊரில் நகையை அடகு வைத்த பணம், சீட்டு எடுத்த பணம், மைத்துனர் கொடுத்த கைமாற்று. பெரிய கம்பெனி 40 லட்சம் டாலர் ஆய்வில் தோற்றாலும் 79 நாளில் எழுந்து நிற்கும். நகையை வைத்துக் கடை போட்டவர் எழுந்து நிற்க முடியுமா?

அவருக்கு ஆய்வு நிறுவனம் தேவை இல்லை. ஒரு நோட்டுப் புத்தகமும் ஒரு வாரமும் போதும். கடை போடும் தெருவில் காலை, மதியம், மாலை மூன்று வேளையும் நின்று யார் போகிறார்கள், யார் நிற்கிறார்கள் என்று எண்ணட்டும். அங்கே முன்பு கடை வைத்து மூடியவரைத் தேடிப் பிடித்து, ஏன் மூடினார் என்று கேட்கட்டும். சொந்தக்காரரைக் கேட்டால் "நன்றாக ஓடும்" என்பார்கள். அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

முக்கியமாக, நோட்டின் முதல் பக்கத்தில் ஒரு வரி எழுதட்டும்: "என்ன தெரிந்தால் இந்தக் கடையைத் திறக்கமாட்டேன்?"

அந்த வரியை எழுத மனம் வராவிட்டால், அவர் ஆய்வு செய்யவில்லை. ஆசைக்குச் சாட்சி தேடுகிறார். எழுதிவிட்டு, அதற்கும் பதில் தேடுகிறவர், பானையை அடிவரை கிளறிப் பதம் பார்க்கிறார். அவர் போடும் முதலுக்கு அதைவிட நல்ல காவல் கிடையாது.